மஞ்சளேறிய டக்குமார் 50 எஃப்/1.4: பின் தொகுதிக்கு மட்டும் வெயில்

பழைய ஆசாஹி பென்டாக்ஸ் காமிராக்களோடு வந்த 50 மி.மீ. எஃப்/1.4 டக்குமார் லென்ஸை வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து உள்ளே பார்த்தால், தாள் டிகாஷன் நிறத்தில் தெரியும். எல்லாப் பிரதியிலும் ஒரே அளவு இருக்காது. இருட்டுப் பெட்டியில் எத்தனை வருடம் கிடந்ததோ அவ்வளவு மஞ்சள்.

மிரர்லெஸ் காமிராவில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இதை மறைத்துவிடுவதால் பலர் கண்டுகொள்வதில்லை. நிறம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் சென்சாரின் நீலச் சேனலுக்கு வெளிச்சம் போதவில்லை; காமிரா அதைப் பெருக்கி ஈடுகட்டுகிறது. ஐஎஸ்ஓ உயர உயர, நிழல் பகுதிகளில் அது புள்ளிப்புள்ளியான இரைச்சலாக வெளியே வரும். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டும் இலவச மஞ்சள் ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சரிசெய்ய வெயிலில் வை, யூவி (புற ஊதா) விளக்கில் வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். லென்ஸை முழுசாக வைப்பதுதான் வினை. கறுப்பு உலோகக் குழாய் சூடேறி, ஃபோகஸ் திருகில் உள்ள பழைய கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து அபெர்ச்சர் இதழ்களுக்கு இறங்கும். மஞ்சள் போகும், இதழ் ஒட்டிக்கொள்ளும். இந்த லென்ஸில் பின் கண்ணாடித் தொகுதியை மொத்தமாகத் திருகிக் கழற்ற முடியும். அதை மட்டும் தனியாக வெளிச்சத்தில் வைத்தால் குழாயும் கிரீஸும் வெப்பம் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இந்தப் பதிவு அந்த வழியைப் பற்றியது.

எந்த லென்ஸ், எதனால் மஞ்சள்

1964-இல் வந்த முதல் சூப்பர்-டக்குமார் 50/1.4-இல் எட்டுக் கண்ணாடிகள், தோரியம் இல்லை. பிறகு வந்த ஏழு கண்ணாடி வடிவத்தில்தான் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி வந்தது. பல அடுக்குக் கோட்டிங்கோடு வந்த எஸ்.எம்.சி. டக்குமார் 50/1.4-உம் அதே வகைதான். சூப்பர்-டக்குமாரில் இரண்டையும் பிரித்தறிய, ஆழ அளவுகோலில் (நடுக்குறிக்கு இருபுறமும் அபெர்ச்சர் எண்கள் பொறித்த வளையம்) உள்ள சிவப்பு நிற அகச்சிவப்புக் குறியைப் பாருங்கள். அது வலப்பக்க 4-ஐத் தாண்டி வெளியே இருந்தால் எட்டு; 4-க்கும் நடுக்குறிக்கும் இடையில் இருந்தால் ஏழு. இதே நோய் டக்குமார் 35/2, 55/1.8 லென்ஸ்களின் பிந்தைய பிரதிகளிலும், கோனிகா ஹெக்ஸனான் 57/1.2-இலும், இரண்டாம் உலகப்போர்க்கால வான்படக் காமிராக்களுக்கான கோடாக் ஏரோ எக்டாரிலும் உண்டு.

ஒளிவிலகல் எண்ணை உயர்த்த வேண்டும், நிறப்பிரிகையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தோரியம் சேர்த்தார்கள். அது சிதையும்போது வெளிவரும் கதிர்கள் கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களைப் பிடுங்கி, குறைபாடுள்ள இடங்களில் மாட்டவைக்கின்றன. அந்த இடங்கள் நீல ஒளியை விழுங்குவதால் கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது. யூவி ஒளி அந்த எலக்ட்ரான்களை விடுவிக்கிறது, நிறம் வெளுக்கிறது. தோரியத்தின் அரைவாழ்வு சுமார் 1400 கோடி ஆண்டுகள். அதனால் மஞ்சள் மறுபடியும் வரும். வர ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது மட்டும் ஆறுதல்.

வேலையைத் தொடங்குமுன் இது அந்த மஞ்சள்தானா என்று உறுதி செய்யுங்கள். கண்ணாடியின் மேல் பளபளக்கும் தேன் நிறம் கோட்டிங்கின் பிரதிபலிப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாளை ஊடே பார்க்கும்போது தெரியும் நிறம்தான் கணக்கு. டார்ச் அடித்தால் பால்போல் மங்கினால் அது எண்ணெய்ப் படலம், துடைத்தால் போகும். விளிம்பிலிருந்து வானவில் வளையமோ இலை வடிவத் திட்டோ தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பால்சம் விட்டிருக்கிறது. அதை வெயிலில் வைத்தால் இன்னும் மோசமாகும்.

கதிர்வீச்சு பற்றி இரண்டே வார்த்தை. காமிராவில் மாட்டிப் படம் எடுப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தோரியம் கண்ணாடி பின் தொகுதியில் இருப்பதால் அதைக் கண்ணோடு ஒட்டிவைத்து உருப்பெருக்கியாகப் பயன்படுத்தக் கூடாது. கீறலைப் போக்குகிறேன் என்று சீரியம் ஆக்சைடு போட்டுத் தேய்க்கவும் கூடாது. தூசி மூச்சில் போவதுதான் ஆபத்து. விளிம்பு உடைந்த கண்ணாடி என்றால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கழற்றுவது

இரு முனை லென்ஸ் ஸ்பேனர் ஒன்று அவசியம், தட்டை முனை உள்ளது. பிறகு ரப்பர் பம்ப் புளோயர், மாஸ்கிங் டேப், லென்ஸ் டிஷ்யூ, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பவுடர் போடாத கையுறை. முனையைப் பக்கவாட்டில் பிடிக்காத, மலிவான வளைந்த ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகாது. நழுவினால் கோடு கண்ணாடியின் குறுக்கே விழும்.

ஃபோகஸை முடிவிலியில் வையுங்கள். அப்போது பின் தொகுதி வெளியே வந்து நிற்கும், ஸ்பேனருக்குப் பிடி கிடைக்கும். லென்ஸை முகம் கீழாக, மென்மையான துணி மேல் வையுங்கள். பின் கண்ணாடியின் அளவுக்கு வட்டமாக ஒரு தாள் வெட்டி மேலே வைத்து, ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்பின் பசை கண்ணாடியில் படக்கூடாது, உலோகத்தில் மட்டும். பின் தொகுதியின் உலோகச் சட்டத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் இருக்கும். ஸ்பேனர் முனைகளை அதில் வைத்து, பக்கவாட்டு அசைவே இல்லாதபடி திருகை இறுக்கிக்கொண்டு, கீழ்நோக்கி அழுத்தியபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.

வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பல்குத்தும் குச்சி நுனியில் லைட்டர் ஃப்ளூயிட் ஒரு சொட்டு எடுத்து, திருகு மரை தொடங்கும் இடத்தில் மட்டும் தொட்டுவைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி முயலலாம். அசிட்டோன் வேண்டாம், கறுப்புப் பெயின்டையும் ஒட்டுப்பசையையும் சேர்த்துக் கரைக்கும். திருப்பும்போது தொகுதி முழுவதும் சுற்றுகிறதா, அல்லது கடைசிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையம் மட்டும் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். வளையம்தான் கழன்றது என்றால் அதை உடனே திரும்ப இறுக்கிவிட்டு, வெளிச் சட்டத்தின் வெட்டுகளைத் தேடுங்கள். கண்ணாடிகள் தனித்தனியாகச் சிதறினால் மறுபடி மையம் பொருந்த உட்காரவைப்பது பெரும்பாடு.

கடைசிச் சுற்றில் லென்ஸைக் கொஞ்சம் சாய்த்து, தொகுதியைக் கையில் வாங்குங்கள். அடியில் மெல்லிய உலோக வளையம் ஏதும் இருந்தால் அது இருந்த இடத்தையும் எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்பதையும் செல்போனில் படம் எடுத்துவைத்த பிறகே தொட வேண்டும்.

இப்போது அபெர்ச்சர் இதழ்கள் வெளியே தெரியும். எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸின் ஆட்டோ/மேனுவல் சுவிட்சை ஆட்டோவில் வைத்து, அபெர்ச்சர் வளையத்தை எஃப்/16-க்குத் திருப்பி, பின்னால் உள்ள சின்னப் பின்னை விரலால் அழுத்தி விடுங்கள். இதழ்கள் அழுத்தியதும் மூடி, விட்டதும் படக்கென்று திறந்தால் நலம். லென்ஸின் இரு பக்கமும் மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்துவிடலாம். எஞ்சிய வேலை எல்லாம் பின் தொகுதியோடுதான்.

ஃபங்கஸ் இருந்தால் முதலில் அது

கடலோர ஊர்களில் கிடந்த லென்ஸ் என்றால் நூல் நூலாக ஃபங்கஸ் இல்லாமல் இருப்பது அபூர்வம். யூவி அதைக் கொன்றாலும் தடம் அப்படியே இருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 3 சதவீதமாகும். லென்ஸ் டிஷ்யூவை அதில் நனைத்து, பிழிந்து, வெளிப் பரப்பின் மேல் இரண்டு நிமிடம் கிடத்துங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுழற்றி ஒரே ஒரு தடவை துடைப்பது, டிஷ்யூவை மாற்றி டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி, கடைசியாக ஐசோபுரொப்பைல். நனைந்த டிஷ்யூவிலிருந்து நீர் விளிம்புக்குள் இறங்கினால் கண்ணாடிகளுக்கு இடையில் புகுந்துவிடும். அதனால்தான் பிழியச் சொல்வது.

நூல் போன பிறகும் அதன் வடிவம் லேசாகப் பொறித்ததுபோலத் தெரிந்தால் கோட்டிங் அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. எதிரே விளக்கு இல்லாத படங்களில் அது தெரியவும் தெரியாது.

வெளிச்சம்

விளக்கு, வெயில் இரண்டுமே பயன்படும். மொபைல் திரை ஒட்டும் பசையை உலர்த்தப் பயன்படும் யூவி எல்இடி விளக்குகள் பழுதுபார்க்கும் கருவிக் கடைகளில் கிடைக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடலாம். நகப்பூச்சு உலர்த்தும் நெய்ல் லாம்ப்பும் ஆகும், ஆனால் பலவற்றில் 120 விநாடியில் அணைந்துவிடும் டைமர் உண்டு. வாங்குமுன் தொடர்ந்து எரியுமா என்று கேளுங்கள். அலைநீளம் 365 முதல் 405 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கள்ள நோட்டு பார்க்கும் சின்ன டார்ச்சால் ஒரு பயனும் இல்லை. கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் குழல் விளக்கைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். கண்ணையும் தோலையும் சுடும், அந்த ஒளி லென்ஸ் கண்ணாடிக்குள் நுழையவும் செய்யாது.

சின்னக் கிண்ணம் ஒன்றில் அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி விரித்துப் பரப்புங்கள். பளபளப்பான, வழவழப்பான ஃபாயில் ஒளியை ஒரே புள்ளிக்குக் குவிக்கக்கூடும், கசக்கினால் சிதறும். அதன் மேல் ஒரு ரப்பர் வளையம். வளையத்தின் மேல் தொகுதியை, உலோக விளிம்பு தாங்கும்படி, பின் கண்ணாடி மேல்நோக்கி வையுங்கள். விளக்கு 2, 3 செ.மீ. உயரத்தில். ஊடுருவிப் போகும் ஒளி ஃபாயிலில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை கண்ணாடிக்குள் வரும். பக்கத்தில் சின்ன விசிறி ஒன்று ஓடட்டும். தொகுதியின் உலோகத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது. சுட்டால் விளக்கை உயர்த்துங்கள். மொத்தத்தையும் ஒரு அட்டைப்பெட்டியால் மூடி, காற்றுக்கு ஓட்டை விட்டுவிடுங்கள். விளக்கைத் திறந்து பார்க்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும்: 365-க்குச் சாதாரணப் பாலிகார்பனேட் கண்ணாடி போதும், 395–405-க்கு மஞ்சள் நிறக் கண்ணாடி.

வலுவான விளக்கில் சில நாட்கள் தொடர்ந்து எரிந்தால் பெரும் பகுதி வெளுத்துவிடும். வெயிலில் ஒன்றிரண்டு வாரம், மோசமான கண்ணாடி என்றால் இன்னும் கூடுதல். வெயிலுக்கு மார்கழி, தைதான் நல்ல மாதங்கள்: யூவி போதுமான அளவு இருக்கும், மொட்டை மாடி தகிக்காது. சித்திரை வெயிலில் வெளியே வைப்பது பால்சத்தோடு விளையாடுவது. அந்த மாதங்களில் சன் ஃபிலிம் ஒட்டாத ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம். யூவி-ஏ பெரும்பாலும் உள்ளே வரும். நாள் கூடும், அவ்வளவே.

வெயிலில் வைக்கும்போது தீ பற்றிய பயம் இருக்கவே வேண்டும். தொகுதி தனியாகவும் ஒரு குவிவில்லைதான். சுற்றிலும் துணி, அட்டை, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். எவர்சில்வர் கிண்ணமும் ஃபாயிலும் மட்டும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் பூக்கும். தொகுதியை மூடிய டப்பாவில் வைத்தபடியே கால் மணி நேரம் வெளியே விட்டுப் பிறகு திறப்பது நல்லது.

எவ்வளவு வெளுத்தது என்று காமிராவால் அளப்பது

கண்ணை நம்ப முடியாது. தினமும் பார்க்கிற கண் நேற்றைய மஞ்சளை மறந்துவிடும். காமிராவே அளவுகோல். டேப்லெட் திரையை முழு வெள்ளையாக்கி, பிரகாசத்தை ஒரே அளவில் நிறுத்தி, தானாக மாறும் பிரகாசம், இரவு நிற அமைப்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். தொகுதியை ரப்பர் வளையத்தோடு திரை மேல் வைத்து, கிட் லென்ஸ் மாட்டிய காமிராவை ஸ்டாண்டில் நேர்மேலே நிறுத்துங்கள். அறை விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் 1/15 விநாடி அல்லது அதைவிட மெதுவாக. வேகம் கூடினால் திரையின் சிமிட்டல் கணக்கைக் கெடுக்கும். ரா கோப்பாக ஒரு படம். தொகுதியை எடுத்துவிட்டு, எதையும் மாற்றாமல் இன்னொரு படம்.

ரா எண்களை நேரடியாகக் காட்டும் மென்பொருளில் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில், கண்ணாடியின் நடுவில், நீலத்தையும் பச்சையையும் படித்து, நீலத்தைப் பச்சையால் வகுங்கள். எடுத்துக்காட்டுக்கு, வெறும் திரையில் 0.80, கண்ணாடி வழியே 0.56 என்றால், இரண்டாவதை முதலால் வகுத்த விகிதம் 0.70. பச்சையோடு ஒப்பிட்டால் நீலத்தில் அரை ஸ்டாப் குறை. 0.50 என்றால் ஒரு முழு ஸ்டாப், 0.84 என்றால் கால் ஸ்டாப். ஜேபெக் எண்களை வைத்து இந்தக் கணக்கு வராது, அவை ஏற்கெனவே வளைக்கப்பட்டவை.

விகிதம் தொடக்கத்தில் வேகமாக ஏறும், பிறகு ஊரும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகளில் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். 1.00 வரை போகும் என்று காத்திருப்பது வீண். இந்த வகைக் கண்ணாடிக்கும் கோட்டிங்குக்கும் இயல்பாகவே கொஞ்சம் வெதுப்பான சாயல் உண்டு. முதல் சில நாளில் எண் அசையவே இல்லையா? விளக்கு வலுவற்றது, அல்லது ஒளி தப்பான பக்கத்திலிருந்து போகிறது, அல்லது அது தோரிய மஞ்சளே அல்ல. பெரும்பாலும் முதல் காரணம்தான்.

திரும்ப மாட்டுவது, அடாப்டர்

மரை மிக நுண்ணியது. தொகுதியை வைத்து முதலில் எதிர்த்திசையில், அதாவது இடஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். ‘டிக்’ என்று லேசாக இறங்கும். அங்கிருந்து வலஞ்சுழி. விரலுக்கு எளிதாகச் சுற்றும்வரைதான் சரி. தடுத்தால் மரை குறுக்கே ஏறுகிறது, பின்வாங்குங்கள். முட்டிய பின் ஸ்பேனரால் லேசாக ஒரு இறுக்கு. பாதியில் நின்றால் முடிவிலி ஃபோகஸ் கிடைக்காது, மூலைகளும் தெளியாது.

இந்த லென்ஸின் திருகு மவுண்டுக்கு எம்42 என்று பெயர். அதில் மவுண்ட் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. சோனி இ மவுண்டில் அது 18 மி.மீ. ஆக லென்ஸை மிரர்லெஸ் காமிராவில் மாட்ட உதவும் அடாப்டரின் தடிமன் 27.46 இருக்க வேண்டும். ஃபூஜி எக்ஸ் என்றால் 17.7-ஐக் கழித்து 27.76, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 19.25 போக 26.21. வெர்னியரால் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். மலிவான அடாப்டர்கள் ஒரு மயிரிழை மெலிதாக இருக்கும். முடிவிலியைத் தாண்டியும் திரும்பும், அதனால் நஷ்டமில்லை, தூர அளவுகோல்தான் பொய் சொல்லும். தடித்திருந்தால் தூரத்துக் கோபுரம் தெளியவே தெளியாது. நான்கு அளவும் ஒன்றாக இல்லை என்றால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். அதைச் சரிசெய்ய முயலாமல் வேறு வாங்குங்கள்.

லென்ஸ் முழுதாக இறுகிய பிறகு நடுக்குறி மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், அடாப்டரின் பக்கத்தில் உள்ள மூன்று சின்னத் திருகுகளைத் தளர்த்தி உள்வளையத்தைச் சுழற்றி வைக்கலாம். உட்சுவர் பளபளத்தால் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். இந்த லென்ஸின் ஒளிவட்டம் முழு ஃபிரேமுக்கானது, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு வெளியே விழும் ஒளி அந்தச் சுவரில் பட்டுத்தான் கான்ட்ராஸ்டைக் குறைக்கிறது.

லென்ஸின் சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளினால்தான் வளையத்தைத் திருப்பும்போது இதழ்கள் மூடும். எஸ்.எம்.சி. பிரதிகள் சிலவற்றில் மவுண்ட் பரப்பில் உள்ள சின்னப் பொத்தான் அழுந்தாதவரை சுவிட்ச் நகராது. அடாப்டரில் ஏற்றிய பின் நகர்த்துங்கள். சோனி ஏ6000 போன்றவற்றில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் படம் விழாது. பாடிக்குள் அசைவைத் தடுக்கும் நிலைப்படுத்தி உள்ள காமிராவில் குவிதூரம் 50 என்று கையால் கொடுங்கள். 75 அல்ல, ஏபிஎஸ்-சியாக இருந்தாலும் 50-தான்.

எஃப்/1.4-இல், தெளிவாக விழும் விளிம்புகளில் ஃபோகஸ் பீக்கிங் காட்டும் நிறக்கோட்டை நம்பினால் கண்ணுக்குப் பதில் மூக்கு தெளியும். திறந்த துளையில் இந்த லென்ஸுக்கு ஒரு மெல்லிய மூட்டம் உண்டு, பீக்கிங் அகலமான பட்டையாகத்தான் விழும். உருப்பெருக்கிப் பார்த்து, எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு எஃப்/2.8-க்கு மூடினால் ஃபோகஸ் தளம் லேசாக நகர்ந்திருக்கும்.

பாதுகாப்பில் ஒரு முரண் இருக்கிறது. ஃபங்கஸுக்காக 40–50 சதவீத ஈரப்பதத்தில் மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். இருட்டில் வைத்தால் மஞ்சள் கூடும். டிரை கேபினட்டின் கண்ணாடிக் கதவு வழியே வரும் அறை வெளிச்சம் எதற்கும் போதாது. நல்ல வழி, மேலே சொன்ன டேப்லெட் அளவை வருடத்துக்கு ஒருமுறை லென்ஸைக் கழற்றாமலேயே எடுப்பது. சிகிச்சை முடிந்து மாட்டிய அன்றே முழு லென்ஸுக்கும், அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு அளவு எடுத்து எழுதிவைத்திருந்தால் ஒப்பிட அது போதும். கால் ஸ்டாப்புக்கு மேல் இறங்கினால் மறுபடி ஸ்பேனரை எடுக்கலாம்.